நியூயார்க் 48ஆம் தெருவின் இசைக்கருவிக் கடைகளுக்கு என்ன ஆனது?

கேள்வி இதுதான்: "நியூயார்க்கில் 48ஆம் தெரு முழுக்க இசைக்கருவிக் கடைகளாகவே இருந்ததாமே? இப்போது போனால் எதுவும் இல்லை என்கிறார்கள். ஆன்லைன் விற்பனை வந்ததால்தான் எல்லாம் மூடப்பட்டதா?"

ஆன்லைன் விற்பனைக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அது கடைசியாக வந்து சேர்ந்த காரணம். அதற்கு முன்பே இரண்டு காரியங்கள் பெரும்பாலும் முடிந்துவிட்டிருந்தன. அந்தத் தெருவை நம்பியிருந்த வாத்தியக்காரர்களின் பிழைப்பு சுருங்கியது ஒன்று. கடைகள் நின்ற மனையின் மதிப்பு, கடைக்குள் நடந்த வியாபாரத்தால் எட்டவே முடியாத உயரத்துக்குப் போனது மற்றொன்று. ஒவ்வொரு கடையாக மூடிய வரிசையைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். "இன்டர்நெட் வந்தது, கடை போனது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், நகரம் தன் கையாலேயே எதை விட்டுக்கொடுத்தது என்பது மறைந்துபோகும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். 'மியூசிக் ரோ' என்று பெயர் வாங்கியது 48ஆம் தெரு முழுவதும் அல்ல. மன்ஹாட்டனில் ஆறாவது அவென்யூவுக்கும் ஏழாவது அவென்யூவுக்கும் நடுவே உள்ள ஒரே ஒரு பிளாக். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறக்குறைய கால் கிலோமீட்டர். இரண்டு பக்கமும் நான்கைந்து மாடி கொண்ட பழைய, ஒடுக்கமான கட்டடங்கள். கீழே கடை, மேலே பழுது பார்க்கும் பட்டறை, வாத்திய ஆசிரியர், சின்ன ஸ்டூடியோ. மேனி கோல்ட்ரிச் என்பவர் 1935இல் தொடங்கிய 'மேனிஸ் மியூசிக்' அங்கே நிலைத்த முதல் பெரிய பெயர். ஆரம்பத்தில் அது கிட்டார் கடையே அல்ல. சாக்ஸபோன், கிளாரினெட், டிரம்பெட் வாசிப்பவர்களின் கடை.

ஏன் அந்த பிளாக்? அங்கேதான் வேலை இருந்தது. நடந்து போகும் தூரத்தில் பிராட்வே தியேட்டர்கள். ராக்ஃபெல்லர் சென்டரில் 1932இல் ரேடியோ சிட்டி மியூசிக் ஹால் திறந்தது, அடுத்த ஆண்டு என்.பி.சி. வானொலி அங்கே குடிவந்தது. நான்கு தெரு தள்ளி, 52ஆம் தெருவில் ஜாஸ் கிளப்புகள். பிராட்வேயும் 49ஆம் தெருவும் சேரும் மூலையில் பாட்டு எழுதுபவர்களும் பதிப்பாளர்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பிரில் பில்டிங். 1950களின் இறுதியில் ஒலிப்பதிவாளர் ஃபில் ரமோனும் அவருடைய கூட்டாளியும் தொடங்கிய ஏ அண்ட் ஆர் ரெக்கார்டிங் ஸ்டூடியோ இதே பிளாக்கில், 112ஆம் எண் கட்டடத்தில் இருந்தது. அதே வரிசையில் ஜிம் அண்ட் ஆண்டிஸ் என்று ஒரு பார். இரண்டு ரெக்கார்டிங்குக்கு நடுவே வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து அடுத்த வேலையைப் பேசிக்கொண்ட இடம். வாத்தியக்காரர் சங்கத்தினர் ரோஸ்லேண்ட் நடன அரங்கில் கூடி, யாருக்கு எந்தக் கச்சேரிக்கு ஆள் வேண்டும் என்று விசாரித்துக்கொண்ட காலமும் உண்டு. இத்தனையும் ஒரு மனிதர் தோளில் சாக்ஸபோன் பெட்டியோடு காலாற நடக்கக்கூடிய வட்டத்துக்குள் அடங்கியிருந்தன. கடைகள் அந்த வட்டத்தின் நடுவில் முளைத்தன.

அதனால் அந்தக் கடைகளின் உண்மையான வேலை, கண்ணாடி அலமாரியில் பளபளக்கும் கிட்டாரை விற்பது மட்டும் அல்ல. பிராட்வே ஆர்கெஸ்ட்ராவில் சாக்ஸபோன் வாசிப்பவர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு எட்டு மணிக்குத் திரை விலக வேண்டும். மாலை ஐந்து மணிக்கு எடுத்து ஊதிப் பார்த்தால் கீழ் ஸ்வரங்கள் பேசவில்லை. ஏதோ ஒரு துளையை மூடும் பேட் சரியாக உட்காராமல் காற்று கசிகிறது. கண்ணால் பார்த்தால் தெரியாது. பழுது பார்ப்பவர் குழலுக்குள் ஒரு சின்ன பல்பை இறக்கி, சாவிகளை ஒவ்வொன்றாக மெதுவாக அழுத்துவார். எங்கே மயிரிழை அளவு வெளிச்சம் கசிகிறதோ அங்கேதான் கோளாறு. அந்தச் சாவியின் கிண்ணத்தை லேசாகச் சூடு காட்டினால் உள்ளே ஒட்டியிருக்கும் அரக்கு இளகும். பேடைச் சரியான கோணத்தில் அமர்த்தி, ஆறவிட்டு, திரும்ப பல்பை இறக்கிப் பார்ப்பார். கை தேர்ந்தவருக்குச் சில நிமிட வேலை. கடை நாற்பது நிமிடப் பயணத்தில் இருந்தால் அன்றைக்கு அவருக்கு வேலை இல்லை. தெரு முனையில் இருந்தால் சம்பளம் உண்டு. ரீட், அதாவது ஊதும்போது அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய பிரம்புத் துண்டு, அந்த விஷயமும் இப்படித்தான். பத்து ரீட் கொண்ட பெட்டியில் மேடைக்குத் தேறுவது இரண்டோ மூன்றோ. அது தீர்ந்துபோகும் நாளில் உடனே வேண்டும். டிரம் வாசிப்பவர் குச்சிகளைக் கண்ணாடி மேஜைமேல் உருட்டி வளைவு பார்ப்பார், தட்டிப் பார்த்து ஒரே சுருதியில் ஒலிக்கும் இரண்டை ஜோடி சேர்ப்பார். இந்தச் சின்னச் சின்னத் தேவைகள்தான் நாள் தவறாமல் ஆட்களைக் கடைக்குள் கொண்டுவந்தன. பெரிய விற்பனை அதன் பின்னால் வந்தது.

அந்தத் தெருவின் இன்னொரு பலம் பேரம். உற்பத்தியாளர் அச்சிட்ட பட்டியல் விலையை அங்கே யாரும் கொடுத்ததில்லை. ஒரு கடையில் ஒரு விலை கேட்டுக்கொண்டு பத்தடி தள்ளியிருக்கும் அடுத்த கடையில் போய் அதைச் சொன்னால் இன்னும் கொஞ்சம் இறங்கும். போட்டிக் கடைகள் தோளோடு தோள் நின்றதால் வாங்குபவருக்குக் கை ஓங்கியிருந்தது. விற்பவருக்கும் நட்டமில்லை. ஊரெங்கும் உள்ள வாத்தியக்காரர்கள் "வாங்குவதென்றால் 48ஆம் தெரு" என்று ஒரே இடத்துக்கு வந்தார்கள். தனித்தனியாக இருந்திருந்தால் ஒரு கடைக்கும் அவ்வளவு கூட்டம் வந்திருக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 1999இல் நடந்ததைப் புரிந்துகொள்ள இது வேண்டும்.

1960களில் ராக் வந்தபோது தெருவின் முகம் மாறியது. மேனிஸ் கடையின் சுவர் முழுக்க வாடிக்கையாளர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த நூற்றுக்கணக்கான படங்கள். ஸ்விங் காலத்து பேண்ட் தலைவர்களின் படங்களுக்குப் பக்கத்தில் ராக் நட்சத்திரங்களின் படங்கள் ஏறின. ராக் கிட்டார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அங்கே கிட்டார் வாங்கியவர். 1968இல் மேனி இறந்தபின் மகன் ஹென்றி கடையை நடத்தினார். புரூக்ளினில் 1924இல் சாம் ஆஷ் என்ற வயலின்காரரும் அவர் மனைவி ரோஸும் தொடங்கிய 'சாம் ஆஷ்' கடை, 1969இல் இந்தத் தெருவுக்கு வந்தது. அந்த முதல் கடைக்கு முன்பணம் கட்ட ரோஸ் தன் நிச்சயதார்த்த மோதிரத்தை அடகு வைத்தார் என்று அந்தக் குடும்பம் சொல்வதுண்டு. அர்ஜென்டினாவிலிருந்து வந்த ரூடி பென்சா 1978இல் 'ரூடிஸ் மியூசிக் ஸ்டாப்' திறந்தார். அவர் கடையில் வேலை பார்த்த ஜான் சூரோடு சேர்ந்து அங்கே உருவான பென்சா-சூர் கிட்டாரைத்தான் ராக் கலைஞர் மார்க் நாஃப்லர் மேடையில் வாசித்தார். அந்தத் தெருவில் கருவிகளைச் செய்யவும் தெரிந்திருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி சரிவு. பலரும் 2000க்குப் பிறகுதான் கதையைத் தொடங்குவார்கள். நான் 1981இலிருந்து தொடங்குவேன்.

அந்த ஆண்டுதான் கொலம்பியா நிறுவனத்தின் 30ஆம் தெரு ஸ்டூடியோ மூடியது. பழைய தேவாலயக் கட்டடத்தில் இயங்கிய அந்த இடத்தில் முழு ஆர்கெஸ்ட்ரா உட்கார்ந்து பதிவு செய்ய முடியும். இரண்டு ஆண்டு கழித்து, 1983இல், பல வாத்தியங்களின் ஒலியை மின்னணு முறையில் எழுப்பும் யமஹா டி.எக்ஸ்.7 சின்தசைசர் வந்தது. அதே ஆண்டு மின்னணுக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் 'மிடி' என்ற பொதுவான முறையும் வந்தது. ஒரு ஆள், ஒரு கீபோர்டு, ஒரு டிரம் மெஷின் இருந்தால் விளம்பரப் பாட்டு தயார். நியூயார்க்கின் செஷன் வாத்தியக்காரர்களுக்கு, அதாவது ரெக்கார்டிங்குக்கு ரெக்கார்டிங் கூலி வாங்கி வாசிப்பவர்களுக்கு, பெரும் சோறு போட்டது விளம்பர இசைதான். காலையில் ஒரு சோப்பு விளம்பரம், மதியம் ஒரு கார் விளம்பரம் என்று ஓடியவர்களின் வேலை சில ஆண்டுகளில் கரைந்தது. கோடம்பாக்கத்தில் பெரிய வாத்தியக் குழுக்கள் கீபோர்டுக்குப் பிறகு எப்படிச் சுருங்கின என்று அறிந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1990களில் வீட்டிலேயே பதிவு செய்யும் கருவிகள் மலிவாகின. பெரிய ஸ்டூடியோக்கள் வரிசையாகப் போயின. 54ஆம் தெருவின் ஹிட் ஃபேக்டரி 2005இல் மூடியது. அதே தெருவில் இருந்த சோனி ஸ்டூடியோ 2007இல் மூடியது.

பிராட்வே மட்டும் தாக்குப்பிடித்தது. அங்கேயும் தேய்மானம் உண்டு. 2003 மார்ச்சில் வாத்தியக்காரர்கள் நான்கு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மியூசிக்கல் நாடகங்கள் நின்றன. ஆர்கெஸ்ட்ராவில் குறைந்தது இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற விதியைத் தயாரிப்பாளர்கள் எடுக்கப் பார்த்ததுதான் காரணம். கடைசியில் சமரசம் ஆனது. மிகப் பெரிய தியேட்டர்களில் 24 முதல் 26 பேர் என்றிருந்தது 18, 19 பேராக இறங்கியது. ஒவ்வொரு பெரிய தியேட்டரிலும் ஆறேழு நாற்காலிகள் போய்விட்டன. அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் 48ஆம் தெருவில் ரீட் வாங்கியவர்கள்.

இதன் விளைவு கடைக்குள் மெதுவாகத் தெரிந்தது. வாரந்தோறும் வந்த தொழில்முறை ஆட்கள் குறைந்தார்கள். அவர்கள் இடத்தில் பள்ளி மாணவர்களும், வார இறுதியில் வாசிப்பவர்களும், ஹென்ட்ரிக்ஸ் வந்த கடையைப் பார்க்க வந்த சுற்றுலாப் பயணிகளும் நின்றார்கள். அவர்களில் ஒருவரையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்குத் தெருவின் அருகாமை தேவை இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை வாங்குபவர் எங்கே வேண்டுமானாலும் வாங்குவார். தொழில்முறை வாடிக்கையாளர் போன அன்றே, கடை எங்கிருந்தாலும் ஒன்றுதான் என்ற நிலை வந்துவிட்டது. ஆன்லைன் வியாபாரம் பிறப்பதற்கு முன்பே அதற்கான இடம் காலியாகி இருந்தது என்பது இதனால்தான்.

"கிட்டார் வாசிப்பவர்களே குறைந்துவிட்டார்கள்" என்றும் ஒரு பேச்சு உண்டு. அதை நான் ஏற்கவில்லை. 2020இல் ஊரடங்கின்போது வீட்டில் அடைந்து கிடந்த மக்கள் கிட்டார் வாங்கிக் குவித்தார்கள். ஃபெண்டர் கிட்டார் நிறுவனத்துக்கு அதுவரை இல்லாத விற்பனை அந்த ஆண்டு நடந்தது. வாசிக்கும் ஆசை எங்கும் போகவில்லை, வாசித்துப் பிழைக்கும் வழிதான் அடைபட்டது.

அடுத்தது மனை. மிட்டவுன் மன்ஹாட்டனில் இசை ஒரு தெருவை இழந்தது இது முதல் தடவை அல்ல. 52ஆம் தெருவின் ஜாஸ் கிளப்புகள் இருந்த கட்டடங்கள் இடிக்கப்பட்டு அலுவலகக் கோபுரங்கள் எழுந்தன. 48ஆம் தெருவிலும் ஆறாவது அவென்யூ பக்க முனை 1960களின் கடைசியிலேயே போய்விட்டது. ராக்ஃபெல்லர் சென்டரின் விரிவாக்கமாக ஆறாவது அவென்யூவின் மேற்குப் பக்கத்தில் அலுவலகக் கோபுரங்கள் அடுத்தடுத்து எழுந்தன. அந்தக் காலத்தில்தான் மேனிஸ் 120ஆம் எண்ணிலிருந்து 156ஆம் எண்ணுக்கு இடம் மாறியது. ஆக, நாம் ஏக்கத்தோடு நினைத்துக்கொள்ளும் 1970களின் மியூசிக் ரோ என்பதே, ஒரு பகுதி வெட்டப்பட்ட பிறகு மிஞ்சிய தெரு.

மிஞ்சியதன் கணக்கு எளிது, கொடுமையானதும்கூட. டைம்ஸ் சதுக்கத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதே மனையில் முப்பது மாடிக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒரு மனையில் தனியாக அதைக் கட்ட முடியாது, பக்கத்து மனைகளும் சேர வேண்டும். எனவே வாங்குபவர் அவசரப்படுவதில்லை. ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்கிறார். அதுவரை கடைக்காரர்களுக்குக் குறுகிய குத்தகைதான். அதிலும் 'கட்டடத்தை இடிக்க முடிவெடுத்தால் குறிப்பிட்ட கெடுவுக்குள் காலி செய்ய வேண்டும்' என்று ஒரு நிபந்தனை இருக்கும். நாளைக்கே போகவேண்டி வரலாம் என்று தெரிந்த கடைக்காரர் புதுப் பட்டறை போடுவாரா, மரக்கருவிகளுக்கு ஈரப்பதம் காக்கும் அறை கட்டுவாரா? கடை உள்ளுக்குள் வாடத் தொடங்கும். வெளியிலிருந்து பார்ப்பவர் "வியாபாரம் படுத்துவிட்டது, காலத்துக்கேற்ப மாறவில்லை" என்பார். இன்னொன்றும் உண்டு. நியூயார்க்கில் கடை வாடகையோடு, கட்டடத்தின் சொத்து வரி உயரும்போது அந்த உயர்வில் ஒரு பங்கையும் வாடகைதாரர்மேல் போடுவது வழக்கம். தெரு மதிப்பு ஏற ஏற, அதனால் ஒரு பைசா லாபமும் பெறாத கடைக்காரர் அந்த ஏற்றத்துக்குப் பணம் கட்டுவார்.

நியூயார்க்கில் கடைகளுக்கும் வாடகைக் கட்டுப்பாடு இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1945 முதல் 1963 வரை இருந்து, பிறகு விலக்கப்பட்டது. சிறு கடைகளுக்குக் குத்தகை புதுப்பிக்கும் உரிமை தரும் மசோதா 1980களில் நகர மன்றத்துக்கு வந்தது. பெயரும் வாசகமும் மாறி மாறித் திரும்பத் திரும்ப வந்தும் நிறைவேறவில்லை. அந்த ஒரு சட்டம் மட்டும் இருந்திருந்தால் தெரு முழுசாகப் பிழைத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பேரம் பேச ஒரு பிடி கிடைத்திருக்கும்.

என்னை அதிகம் உறுத்துவது இதுதான்: நகரத்துக்குக் காப்பாற்றத் தெரியாமல் இல்லை. 48ஆம் தெருவின் அதே பிளாக்கில் 138ஆம் எண்ணில் 1912இல் கட்டிய கோர்ட் தியேட்டர் நிற்கிறது. 1987இல் அதை உள்ளும் புறமும் பாதுகாக்கப்பட்ட சின்னமாக நகரம் அறிவித்தது. 2022இல் நடிகர் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் பெயரைச் சூட்டி, பக்கத்தில் இணைப்புக் கட்டடமும் எழுப்பி, திரும்பத் திறந்தார்கள். 43ஆம் தெருவில் 1977இல் திறந்த மன்ஹாட்டன் பிளாசா குடியிருப்பில் பெரும்பாலான வீடுகள் மேடைக் கலைஞர்களுக்கு, வருமானத்துக்கு ஏற்ற வாடகையில் ஒதுக்கப்பட்டன. தியேட்டர் கட்டடம் காக்கப்பட்டது, நடிகரின் வீடு காக்கப்பட்டது. அந்தத் தியேட்டரில் ஊதும் சாக்ஸபோனுக்கு பேட் மாட்டும் பட்டறையும் அதே தொழிலின் உறுப்பு என்று யாரும் எண்ணவில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்கான சட்டம் செங்கலையும் சிற்பத்தையும் காக்கும், உள்ளே நடக்கும் தொழிலைக் காக்காது.

இப்போது 1999. அந்த ஆண்டு மேனிஸ் கடையைச் சாம் ஆஷ் வாங்கியது. சாம் ஆஷுக்கு அந்த பிளாக்கில் ஏற்கெனவே கிட்டார், டிரம், கீபோர்டு என்று தனித்தனிக் கடைகள் இருந்தன. மேனிஸ் தன் பெயரோடு பத்தாண்டு ஓடியது. ஆனால் எதிரெதிரே நின்ற இரண்டு பெரிய போட்டியாளர்களுக்கு ஒரே முதலாளி வந்த பிறகு, ஒரு கடை விலையை இன்னொரு கடையில் சொல்லி இறக்கும் அந்தப் பழைய வித்தைக்கு அர்த்தம் போய்விட்டது. வாங்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. கிட்டார் சென்டர் போன்ற நாடளாவிய பெரும் சங்கிலிக் கடைகள் வளர்ந்துகொண்டிருந்தபோது, பெரிதாகாமல் நிற்க முடியாது என்று அவர்கள் நினைத்திருக்கலாம். ஆயினும் தெருவின் உள்போட்டி போனது என்பது உண்மை, அதுதான் தெருவின் உயிர்.

பேரத்தை அடியோடு கொன்றது இன்னொரு ஏற்பாடு. ஒரு கருவியை இந்த விலைக்குக் கீழே விளம்பரம் செய்யக்கூடாது என்று உற்பத்தியாளர்கள் விதித்த குறைந்தபட்ச விளம்பர விலை. இது பரவியதும் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் ஒரே கிட்டாருக்கு ஒரே விலைதான். இந்தத் துறையின் வணிகச் சங்கமான 'நாம்' (NAMM), தன் கூட்டங்களில் போட்டியாளர்கள் விலைக் கொள்கை பற்றித் தகவல் பரிமாற வழிவிட்டது என்று அமெரிக்க ஃபெடரல் வர்த்தக ஆணையம் 2009இல் குற்றம் சாட்டி, இனி அப்படி நடக்காது என்று உறுதி வாங்கியது. விலை எங்கும் ஒன்று என்று ஆனபின், பேரத்துக்காக மன்ஹாட்டன் வரை ரயில் ஏற யாருக்கும் காரணமில்லை.

இங்கேதான் இணையம் வருகிறது. அதன் பெரிய பலம் விலை அல்ல, வரி. 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ இல்லாத விற்பனையாளரை அந்த மாநில விற்பனை வரி வசூலிக்கச் சொல்ல முடியாது என்று உறுதி செய்தது. நியூயார்க் நகரில் விற்பனை வரி 8.875 சதவீதம். 2,000 டாலர் கிட்டாருக்கு 177 டாலர் 50 சென்ட். தெருவில் வாங்கினால் அதைக் கட்டியே ஆக வேண்டும். வேறு மாநிலத்து நிறுவனத்திடம் இணையத்தில் வாங்கினால் அன்றைக்கு அந்த நிறுவனம் கேட்காது. சட்டப்படி வாங்குபவர் தானாகக் கட்ட வேண்டும், கட்டியவர்கள் குறைவு. அந்தக் காசில் ஒரு நல்ல கிட்டார் பெட்டி வந்துவிடும். 2018 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தப் பழைய நிலையை மாற்றி, மாநிலங்கள் வரி வசூலிக்கச் சொல்லலாம் என்றது. அதற்குள் தெரு காலியாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

பழைய கருவிகளின் வியாபாரமும் அப்படியே நழுவியது. முன்பு பழைய கிட்டாரை விற்க வேண்டுமென்றால் தெருவில் ஒரு கடைக்கு எடுத்துப் போவார்கள். கடைக்காரர் பார்த்து விலை சொல்வார். லாபம் அதில்தான் அதிகம், புதுக் கருவியில் அல்ல. 1995இல் தொடங்கிய ஈபே, 2013இல் சிகாகோவில் தொடங்கிய ரிவெர்ப் ஆகிய தளங்களில் வாசிப்பவரே வாசிப்பவருக்கு விற்கத் தொடங்கினார். ரிவெர்பில் எந்த மாடல் எந்த விலைக்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கடைக்காரரின் கண்ணுக்கு இருந்த மதிப்பு குறைந்தது.

மூடிய வரிசை இது. மேனிஸ் 2009இல் மூடியது. 2012இல் பிரில் பில்டிங்கில் இருந்த கோலனி மியூசிக், இசைக் குறிப்புத் தாள்களுக்கும் பாட்டுப் புத்தகங்களுக்கும் பேர்போன 1948ஆம் ஆண்டுக் கடை, புதிய வாடகையைத் தாங்க முடியாமல் போனது. அதே 2012இல் சாம் ஆஷ் தெருவை விட்டு 34ஆம் தெருவுக்குப் பெயர்ந்தது. 2015இல் ரூடிஸும் விளக்கை அணைத்தது. தெருவின் வடபக்கத்தில் 159ஆம் எண்ணில் இப்போது நிற்பது 2022இல் திறந்த ஹார்ட் ராக் ஹோட்டல்.

சாம் ஆஷின் பிற்காலம் ஒரு முக்கியமான விஷயத்தைப் பிரித்துக் காட்டுகிறது. 34ஆம் தெருவில் அந்தக் கடை பன்னிரண்டு ஆண்டுகள் நடந்தது. அதாவது 2012இல் கடை சாகவில்லை, தெருதான் செத்தது. கடை செத்தது 2024இல். நிறுவனத்துக்கு நூறு வயது நிரம்பிய அதே ஆண்டில், திவால் மனு போட்டு, நாடு முழுவதும் இருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட கிளைகளையும் மூடினார்கள். பெயரை ஒரு மெக்சிகோ நிறுவனம் வாங்கியது. அந்த முடிவுக்கு ஆன்லைன் விற்பனைதான் பெரும் காரணம், அதில் எனக்கு ஐயமில்லை. இந்தியானாவின் ஃபோர்ட் வெய்னில் ஒரு வேனில் ரெக்கார்டிங் தொழிலாக 1979இல் தொடங்கிய ஸ்வீட்வாட்டர் என்ற ஆன்லைன் கருவி விற்பனை நிறுவனம், நியூயார்க்கில் ஒரு கடைகூட வைக்காமல் நியூயார்க்காரர்களுக்குக் கருவி விற்கிறது. பெரிய சங்கிலிகளும் தப்பவில்லை. 2007இல் ஒரு முதலீட்டு நிறுவனம் ஏறக்குறைய 2.1 பில்லியன் டாலருக்கு வாங்கிய கிட்டார் சென்டர், அந்தக் கடன் சுமையோடு 2020இல் திவால் நீதிமன்றம் போய், மறுசீரமைத்து வெளியே வந்தது. தெருவின் சாவையும் கடைகளின் சாவையும் ஒரே நிகழ்ச்சியாகக் குழப்பிக்கொள்வதால்தான் பழி முழுவதும் இணையத்தின் மேல் விழுகிறது.

வேறு ஊர்களோடு ஒப்பிட்டால் இது இன்னும் பிடிபடும். டோக்கியோவின் ஒச்சானொமிசுவில் இன்றும் கிட்டார் கடைகள் வரிசையாக நிற்கின்றன. ஜப்பானில் இணையம் இல்லாமலா? சுற்றிலும் பல்கலைக்கழகங்கள். ஆண்டுதோறும் புதிய மாணவர்கள், புதிய பேண்டுகள். நடந்து வரும் வாடிக்கையாளர் வற்றவில்லை. சியோலின் நாக்வோன் இசைக்கருவி வளாகம் வேறு பாடம் சொல்கிறது. அங்கே இரவு விடுதிகளில் வாசிக்கும் வாத்தியக்காரர்கள் கூடி வேலை தேடுவார்கள், கடைகளும் செழித்தன. 1990களில் கரோக்கி அறைகள் பெருகியதும் வாசிக்க ஆள் தேவைப்படவில்லை, வளாகம் தளர்ந்தது. அதுவும் இணைய வியாபாரத்துக்கு முன்பே நடந்தது. லண்டனின் டென்மார்க் தெருவில் மனைதான் பிரச்சினை. டாட்டன்ஹாம் கோர்ட் ரோடில் புது ரயில் நிலையம் வந்ததும் பெரும் கட்டுமானம் தொடங்கியது. அங்கிருந்த 12 பார் கிளப் என்ற இசை விடுதி 2015 ஜனவரியில் மூடியது. ஆனாலும் கிட்டார் கடைகள் முற்றாகத் துடைக்கப்படவில்லை. எண்ணிக்கை குறைந்து, இன்னும் இருக்கின்றன. அங்கே கோபுரம் கட்டியவர்களிடம் தெருவின் குணத்தைப் பற்றி உள்ளாட்சி பேசியாவது பார்த்தது. 48ஆம் தெருவில் அந்தப் பேச்சே எழவில்லை.

"சரி, போனால் போகட்டும், கருவி வீட்டு வாசலுக்கே வருகிறதே" என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரே மாடல், ஒரே ஆண்டு, ஒரே தொழிற்சாலையில் செய்த இரண்டு கிட்டார்கள் கூட ஒன்று போல் ஒலிப்பதில்லை. ஒன்றின் கழுத்து உங்கள் கைக்கு அமையும், மற்றது அமையாது. டிரம்பெட் மவுத்பீஸின் விளிம்பில் சின்ன வித்தியாசம் உதட்டுக்கு அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அந்தத் தெருவில் ஒரே பிற்பகலில் பத்துக் கருவிகளை வாசித்துப் பார்த்து, பக்கத்தில் நிற்கும் தெரியாத ஒருவரிடம் "இதில் எது?" என்று கேட்கலாம். கேட்கப்பட்டவர் அன்று இரவு பிராட்வேயில் வாசிப்பவராக இருக்க வாய்ப்பு அதிகம். இணையத்தில் வாங்கினால் ஒன்று வரும். பிடிக்கவில்லை என்றால் கட்டித் திருப்பி அனுப்பி, இன்னொன்றுக்குக் காத்திருக்க வேண்டும். பெரும்பாலோர் வந்ததையே வைத்துக்கொண்டு பழகிவிடுவார்கள். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அது பெரிய இழப்பு. தனக்குப் பொருந்தாத கருவி என்று அதற்குத் தெரியாது, தனக்கு வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

இப்போது நியூயார்க் போகிறவர்கள் என்ன செய்வது என்றும் சிலர் கேட்பார்கள். 48ஆம் தெருவுக்குக் கருவி தேடிப் போக வேண்டாம். ரூடி பென்சா 2009இலேயே மன்ஹாட்டனின் சோஹோ பகுதியில் புரூம் தெருவில் ஒரு கடை திறந்திருந்தார், தெரு போனபின் அவர் தொழில் அங்கே தொடர்ந்தது. காற்று வாத்தியம் வாசிப்பவர்கள் தெருமட்டத்தில் தேடாமல், மிட்டவுன் கட்டடங்களின் மேல்மாடிகளில் விசாரியுங்கள். பழுது பார்ப்பவர்களுக்குக் கண்ணாடி முகப்பு தேவையில்லை. ஊதுபவர்கள் வாய்வழியாகவே அவர்களைக் கண்டுபிடித்துப் போகிறார்கள், முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு.